லூபோவுக்குப் போட்ட தரை

சிமெண்டுத் தரைக்கும் அதன் மேல் போடப்போகிற பலகைக்கும் நடுவில் என்ன விரிப்பது என்று ஒரு மனிதன் ஆகஸ்டில் யோசிக்க ஆரம்பித்து மார்ச் வரைக்கும் யோசித்தால், பக்கத்து வீட்டுக்காரிக்கே பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. ஜீனியா அவனைக் கட்டிக்கொண்டவள், அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நெஸ்டர் பரானிக் எங்கள் ஊர் டிரான்ஸ்கோனாவின் ரயில் பட்டறையில் பெட்டிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன். குட்டை ஆள். கால்சட்டைப் பையில் எந்நேரமும் அளவுநாடா இருக்கும், கோயிலுக்குப் போகும்போதும் இருக்கும். அவர்களுக்கு ஒரே பிள்ளை, லூபோ. அவன் வடக்கே சுரங்கத்தில் வேலை செய்தான். அம்மாவின் அண்ணன்மாரைக் கொண்டு பிறந்தவன், வாசற்படியில் நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும். பெண்டாட்டி விட்டுப் போய் நாளாயிற்று. அந்தக் கோடையில் பாறை சரிந்து அவன் கழுத்தில் விழுந்தது. பிழைத்தது பெரிய காரியம். ஆனால் இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜீனியா என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதது ஆகஸ்டில்தான்.

"ஈஸ்டருக்கு வர்றேங்கிறான் டோலி. அதுவரைக்கும் அங்க ஆஸ்பத்திரியில கழுத்துக்கு ஏதோ பயிற்சியாம். வந்துட்டு, 'இருக்க முடிஞ்சா இருக்கேன்மா, இல்லேன்னா கூட வேலை பாத்த டெரெக் கூப்பிடுறான், மலைப்பக்கம் சக்கர வீடு ஒண்ணு, டிரெய்லர் வச்சிருக்கான், அதுல ஒரு மூலை இருக்கு'ங்கிறான். பெத்த வீட்டுல இருக்க முடிஞ்சாவாம்."

"வரட்டும்டி முதல்ல. வந்து உன் கையால ரெண்டு வேளை சாப்பிட்டா எங்க போகப்போறான்."

"அவன் குரலைக் கேட்டியா நீ? யாரோ பேசுற மாதிரி இருக்கு. கடைசியா எப்பச் சிரிச்சான்னு எனக்கு ஞாபகமே இல்ல. அவன் அந்த டிரெய்லர்ல போய்த் தனியா படுத்துட்டான்னா, நான் அவனை முழுசா திரும்பப் பாக்கவே மாட்டேன். எனக்குத் தெரியுது."

எனக்கும் தெரிந்தது. எழுந்து போய் அவளுக்குக் காப்பி ஊற்றினேன்.

இருக்க இடம் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மெண்ட்தான். மேலே இரண்டே அறை. ஒன்றில் இவர்கள், மற்றதில் தையல் மெஷினும் உறைபெட்டியும் போக ஒரு பூனை படுக்கலாம். பக்கவாசலைத் திறந்தால் நேரே கீழே இறங்கலாம், நாற்பது வயது ஆம்பளைக்குத் தனி வாசல் இருந்தால் கௌரவம் என்று நெஸ்டரே சொன்னான். அதுவரை அவன் பேசியது சரி. பிறகு கீழே இறங்கினான், செருப்பைக் கழற்றினான், வெறுங்காலோடு நின்றான்.

"தரை சில்லுன்னு இருக்கு. அடிபட்ட உடம்பு, குளிர் கால் வழியாத்தான் ஏறும். லேமினேட் பலகை போட்டுடுவோம். ஆனா அடியில என்ன விரிக்கிறதுங்கிறதுதான் விஷயமே."

அந்த விஷயத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் ஊர் மண் கருங்களி. மழையில்லாத ஆகஸ்டில் அது சுருங்கி வீட்டுச் சுவரை விட்டு விலகும், இடுக்கில் கையே நுழையும். அப்படி விட்டால் அஸ்திவாரம் இறங்கும், கீழ்த்தரை பிளக்கும். அதனால் சாயங்காலமானால் தெருவில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் ஹோஸ் கிடந்து கசிந்துகொண்டிருக்கும். பூச்செடிக்குத் தண்ணீர் விடாத சோம்பேறிகூட வீட்டுக்குத் தண்ணீர் விடுவான். நெஸ்டர் சோம்பேறி இல்லை, இரண்டு ஹோஸ் வைத்திருந்தான்.

தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டுச் சிமெண்டில் ஒட்டுவார்கள். இரண்டொரு நாள் கழித்து உள்ளே நீர் முத்து முத்தாக நின்றால் தரை ஈரம். நெஸ்டர் ஒட்டினான். முத்து முத்தாக நின்றது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியா, தரை வேர்க்குது."

"வேர்க்காம என்ன செய்யும்?" என்றாள் ஜீனியா. "வீட்டைச் சுத்தித் தண்ணிய விட்டுட்டு, உள்ள வந்து ஏன் வேர்க்குதுன்னு கேட்டா?"

"விடலேன்னா தரை வெடிக்கும்."

"அப்ப விடு."

"விட்டா வேர்க்கும்."

"அப்ப விடாத."

"அதான் சொல்றேனே, விடலேன்னா..."

ஜீனியா கையிலிருந்த சதகுப்பைக் கீரைக் கட்டைப் படியிலேயே போட்டுவிட்டு மேலே போனாள். நெஸ்டர் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அதன் பிறகு துண்டுகள் வர ஆரம்பித்தன. நகரத்தில் எத்தனை கடை உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கி, ஒவ்வொரு அடிவிரிப்பிலும் உள்ளங்கையகலத் துண்டு வாங்கி வந்தான். ஒரு பக்கம் பிளாஸ்டிக் ஒட்டிய மெல்லிய ஃபோம். கறுப்பு ரப்பர். கம்பளிக் கழிவில் அடித்த தடித்த விரிப்பு. கார்க். அடியில் காற்றோடுகிற மாதிரிக் குமிழ் குமிழாக எழும்பிய கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட். ஒரு கடைக்காரன் கார்க்தான் சூடு என்றான். அடுத்த கடைக்காரன் கார்க் அழுகும் என்றான். மூன்றாமவன் குமிழ் ஷீட் இல்லாமல் பேஸ்மெண்டில் எதைப் போட்டாலும் பூஞ்சை பிடித்து மகனுடைய நுரையீரலே கெட்டுப்போகும் என்றான், அந்தப் பாவியை நான் பார்த்திருந்தால் என் வாயைக் கேட்டிருப்பான். நெஸ்டருக்கு மூன்று பேர் சொன்னதும் சரியாகப் பட்டது.

குளிர் இறங்கியது. எஞ்சின் உறையாமல் இருக்கக் கார்களுக்கு ராத்திரி கரண்ட் வயரைச் செருகி வைக்கிற காலம், மூக்கு முடி உறைகிற காலம். ஜனவரியில் நெஸ்டர் மறுபடி பிளாஸ்டிக்கை ஒட்டினான். ஒரு சொட்டு இல்லை. மண் ஆளுயரத்துக்குப் பாறையாக உறைந்து கிடக்கும்போது தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆகஸ்டுச் சோதனை ஒன்று சொன்னது, ஜனவரிச் சோதனை வேறொன்று சொன்னது. அவன் நடுவில் நின்றான்.

அந்த மாதம்தான் ஃபாதர் மிரோன் வீடு மந்திரிக்க வந்தார். எங்கள் பக்கம் திருமுழுக்குப் பண்டிகை முடிந்ததும் பாதிரியார் வீடு வீடாக வந்து எல்லா அறையிலும் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். ஜீனியா பீட்ரூட் சூப்பும், காளான் குழம்பும், முட்டைக்கோஸ் இலையில் அரிசி சுருட்டி வேகவைத்ததும் செய்து மேசையை நிரப்பியிருந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஃபாதர் மேலே பாடித் தெளித்துவிட்டுப் பேஸ்மெண்ட் படியில் இறங்கினார். நெஸ்டர் குறுக்கே வந்து நின்றான்.

"ஃபாதர், கீழ மட்டும் தெளிக்காதீங்க. டெஸ்ட் போயிட்டிருக்கு."

"என்ன டெஸ்ட்?"

"ஈரம் இருக்கான்னு."

"நெஸ்டர், இது தீர்த்தம்ப்பா."

"தீர்த்தமும் தண்ணிதானே ஃபாதர். ஒரு சொட்டு பிளாஸ்டிக் ஓரத்துல இறங்கினா கணக்குத் தப்பிடும்."

ஜீனியா மேல்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஃபாதர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுக் காற்றில் சிலுவை மட்டும் போட்டார். அதோடு விட்டானா?

"வந்தது வந்தீங்க, பூட்ஸைக் கழட்டுங்க ஃபாதர். இந்தத் துண்டு மேல நில்லுங்க. இப்ப இது மேல. எது சூடா இருக்கு, சொல்லுங்க. டோலி, நீயும் ஏறு."

ஃபாதர் ஒரு காலைக் கார்க்கிலும் ஒரு காலை ஃபோமிலும் வைத்துக்கொண்டு நின்றார். நான் ரப்பரில் நின்றேன். மேலே சூப் ஆறியது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் ஃபாதர்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்ப்பா. பசிக்குது."

சாப்பிடும்போது ஃபாதர் லூபோவைப் பற்றி விசாரித்தார். ஜீனியா சொன்னாள், கழுத்தில் தகடு வைத்து எலும்பைச் சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறதாம் என்று. நெஸ்டர் முட்கரண்டியை வைத்துவிட்டு, "கழுத்து சரியாயிடும், காலைத்தான் சூடா வச்சுக்கணும்" என்றான். கழுத்து என்றால் கழுத்து, தரை என்றால் தரை என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

மார்ச்சில் ஜீனியா வெடித்தாள். சந்துப் பனி உருகிச் சக்கரத் தடமெல்லாம் குழம்பாகக் கிடந்த நாள். நான் ஈஸ்டர் ரொட்டி சுடத் தகர அச்சு இரவல் கேட்கப் போனவள், மாட்டிக்கொண்டேன். மேசை முழுக்க அந்தத் துண்டுகள். ஜீனியா அவற்றை ஒரே கையால் வழித்து அவன் மடியில் தள்ளினாள்.

"ஒண்ணை எடு. கண்ணை மூடிட்டு எடு."

"அவசரப்பட்டா..."

"அவசரமா? மேஜை விரிப்பு மாத்தணும்னா நான் கடையில நின்ன இடத்துல முடிவு பண்ணுவேன்யா. உன்னைக் கட்டிக்கிறதுக்கே ஒரு ராத்திரிதான் யோசிச்சேன், அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன். பையன் வந்து நிப்பான், கீழ வெறும் சிமெண்டா இருக்கும், நீ அவன் பூட்ஸைக் கழட்டச் சொல்லித் துண்டு மேல ஏத்துவ. அவன் திரும்பிப் பாக்காம அந்த டிரெய்லருக்குப் போவான். அப்ப உன் கார்க்கைக் கட்டிக்கிட்டு அழு."

நெஸ்டர் மடியில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். அடியில் குமிழ் ஷீட், அதன் மேல் ஃபோம், அதன் மேல் கார்க். அந்த அடுக்கை அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"ஏன் ஒண்ணை எடுக்கணும்? எல்லாத்தையும் போட்டுடுவோமே."

"போடு. என்னமோ போடு. போட்டா சரி" என்றாள் ஜீனியா.

போட்டான். முடிவு எடுத்த பிறகு அவனைப் போல வேலை செய்கிற ஆள் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். களி தள்ளித் தரை மேடு தட்டியிருந்த இடங்களைத் தேய்த்துச் சமன் செய்தான். குமிழ் ஷீட்டை விரித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். அதன் மேல் பிளைவுட்டை வைத்துச் சிமெண்டு வரைக்கும் ஸ்குரு இறக்கினான். அதன் மேல் ஃபோம், அதன் மேல் கார்க், கடைசியில் தேன் நிற லேமினேட் பலகை. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகைகளை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினான். தரை ஏறியதில் பக்கவாசலிலிருந்து இறங்குகிறவன் கால் தடுக்கும் என்று கடைசிப் படியின் உயரத்தைக்கூட மாற்றினான். நான் மேலே இருந்து பைரோகிக் கொழுக்கட்டையும் பூண்டு சாசேஜும் கொண்டுபோய்க் கொடுப்பேன், முழங்காலில் இருந்தபடியே சாப்பிடுவான். மெத்தென்று இருந்தது தரை. கொஞ்சம் அதிகமாகவே மெத்தென்று இருந்தது, நடந்தால் பலகை லேசாக உள்ளே போய் வரும். ஆனால் குளிரவில்லை. ஜீனியா வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்தாள். அந்த வருஷத்தில் அவள் அவனிடம் கோபமில்லாமல் நின்றது அன்று மட்டும்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், புனித சனியன்று மதியம் லூபோவின் டிரக் சந்துக்குள் வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஜீனியா முற்றத்திலேயே அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை அவன் நெஞ்சுக்குத்தான் எட்டியது. அவன் அவளைக் குனிந்து பார்க்கவில்லை. நேராக எங்கேயோ பார்த்துக்கொண்டு அவள் முதுகைத் தட்டினான். ஒரு மாதிரி இருக்கிறானே என்று நினைத்தேன். பிறகு அவன் என் பக்கம் திரும்பியபோது உடம்போடு திரும்பினான், மரப்பொம்மையைத் திருப்பினது போல.

"நல்லா இருக்கீங்களா டோலி அத்தை."

"இருக்கேன்ப்பா. கழுத்து வலிக்குதா?"

"வலி இல்ல. வளையாது, அவ்வளவுதான்."

நெஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "வா, வா, கீழ வா. பூட்ஸைக் கழட்டு, வெறுங்கால்ல வா" என்று முன்னால் இறங்கினான்.

லூபோ படியில் பக்கவாட்டாக இறங்கினான், ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி. கடைசிப் படியில் நின்று தரையில் கால் வைத்தான். நிமிர்ந்தான். டொக் என்று ஒரு சத்தம். உச்சந்தலை மேலே உத்தரத்தில் இடித்தது. பின்னால் நகர்ந்து இரண்டு உத்தரங்களுக்கு நடுவில் நின்று பார்த்தான், அங்கே மேல்தளப் பலகை அவன் முடியை அழுத்தியது. அந்த வீட்டில் அவன் வளர்ந்த காலத்தில் உத்தரங்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்க இடம் இருந்தது. காற்றுக்குழாய் வரும் இடத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வான், பழக்கம். இப்போது சாய்க்கக் கழுத்து இல்லை. நிமிர இடமும் இல்லை. முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தவன் மாதிரி நின்றான்.

"சூடா இருக்கா?" என்றான் நெஸ்டர். அவன் லூபோவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சூடா இருக்குப்பா."

"கீழ குமிழ் ஷீட், அது மேல பிளைவுட், அது மேல..."

"நெஸ்டர்" என்றாள் ஜீனியா.

"இரு, சொல்லி முடிச்சிடுறேன். அது மேல ஃபோம்..."

"நெஸ்டர், மேல பாருய்யா."

நெஸ்டர் மேலே பார்த்தான். கை தன்னால் பையில் போய் அளவுநாடாவைத் தொட்டது, வெளியே எடுக்கவில்லை. லூபோவின் முழங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. அவன் படிக்கே திரும்பிப் போய் இரண்டாம் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"எப்பவும் குனிஞ்சுதானே போவான்" என்றான் நெஸ்டர், யாரிடமோ சொல்வது போல. "சின்ன வயசுல இருந்தே குனிஞ்சுதானே போவான்."

ஜீனியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இவன் கழுத்தைப் பத்தி நான்தான் உன்கிட்ட சொன்னேன். சொன்ன எனக்கும் தோணல பாரு. வீடு பூரா உன் தரைதான்யா இருந்துச்சு" என்றாள்.

"விடுங்கம்மா. தரை நல்லா இருக்கு" என்றான் லூபோ. "படுத்துக்கலாம், படுத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி இருந்துட்டுக் காலையில கிளம்புறேன். டெரெக்குக்குச் சொல்லிடுறேன்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனான். ஜீனியா பின்னாலேயே ஓடினாள். நானும் ஓடினேன். முற்றத்துச் சேற்றில் அவன் டிரக்கில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்திருந்தான். எங்கும் போகவில்லை, அவனுக்கென்று தலை இடிக்காத இடம் அது ஒன்றுதான். ஜீனியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேல எங்க ரூம்ல படுடா. நாங்க கீழ போறோம்."

"உங்க முழங்காலை வச்சுக்கிட்டு ராத்திரி அந்தப் படியில ஏறி இறங்கப்போறீங்களா? என்னால முடியாதும்மா, உங்களை உங்க ரூம்ல இருந்து துரத்திட்டு அங்க படுக்க. இதுக்குத்தான் இருக்க முடிஞ்சான்னு சொன்னேன்."

எத்தனை மாதம், எத்தனை கடை, எத்தனை துண்டு, ஃபாதர் காலைக்கூட விடவில்லை, கடைசியில் பெற்ற பிள்ளை டிரக்கில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு நெஸ்டரை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

அப்போதுதான் கீழ் ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. மரம் முறிகிற சத்தம். பிறகு ஒரு இழுவை, பிறகு மறுபடி முறிவு. லூபோ எஞ்சினை அணைத்தான்.

"அப்பா என்ன பண்றாரு?"

ஜீனியா ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது.

"பிய்க்கிறாருடா."

"அந்த வயசுல தனியாவா? முதுகு போயிடும் அவருக்கு."

இறங்கினான். பக்கவாட்டாகப் படியில் போனான். நாங்கள் பின்னால் போனபோது நெஸ்டர் படியடியில் மண்டியிட்டிருந்தான். ஸ்குருவைக் கழற்றப் பொறுமை இல்லை, நெம்புகம்பியைப் பிளைவுட் அடியில் கொடுத்து முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். தேன் நிறப் பலகைகள் பூட்டு உடைந்து பக்கத்தில் குவிந்து கிடந்தன. கார்க் நார் நாராகக் கிழிந்திருந்தது. நாங்கள் வந்ததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பிளைவுட் கிறீச்சிட்டு எழும்பியது, அடியிலிருந்த குமிழ் ஷீட்டை உருவி எறிந்தான். பழைய சிமெண்டு தெரிந்தது, மேசையளவு.

லூபோ படியிலிருந்து அந்த இடத்தில் கால் வைத்தான். ஒரு கால், பிறகு மறு கால். முழங்காலை மெதுவாக நீட்டினான். நிமிர்ந்தான். உத்தரங்களுக்கு நடுவே, மேல்பலகைக்கும் அவன் முடிக்கும் இடையில் ஒரு விரல் போகிற இடம் இருந்தது.

நெஸ்டருக்கு மூச்சு வாங்கியது. நெம்புகம்பியை ஊன்றிக்கொண்டு மகனைக் கீழேயிருந்து மேலே வரைக்கும் பார்த்தான்.

"சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

"இவ்வளவு இடம் போதுமா?"

லூபோவால் தலையைக் குனிந்து அப்பாவைப் பார்க்க முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கட்டில் போடணுமேப்பா. இன்னும் கொஞ்சம் பிய்யுங்க."